பண்ருட்டியிலிருந்து ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கு

நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒன்றுகூடி, ஒரு நாளை முழுதாக ஒதுக்கி, வீட்டுப் பக்குவத்தில் சமைத்த இத்தாலியச் சாப்பாட்டை நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா? பண்ருட்டியிலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ இருப்பவர்கள் அதற்காகச் சென்னை வரை போகத் தேவையில்லை. பண்ருட்டிக்கு வடகிழக்கே, சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஆரோவில். அதன் ஓரத்துக் கிராமமான குயிலாப்பாளையத்தில் டான்டோ என்ற பீட்சா உணவகம் இருக்கிறது. விறகு அடுப்பில் சுடும் பீட்சாவும் வீட்டுப் பக்குவப் பாஸ்தாவும் கிடைக்கும் இடம். இந்த வழிகாட்டி அந்தப் பயணத்துக்கானது. அந்தக் கடைதான் என்றில்லை, அதே மாதிரி எந்தச் சமையலறைக்குப் போனாலும் இங்கே சொல்வது உதவும்.

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லில் பல நாட்டு மக்கள் குடியேறி வாழ்கிறார்கள், இத்தாலியர்களும் இருக்கிறார்கள். அதனால் அங்கே இத்தாலியச் சமையல் சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் போட்ட கடைச்சரக்கு அல்ல. தங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் சமைத்துக்கொண்டவர்களின் பழக்கத்திலிருந்து வந்தது. பெரிய சங்கிலிக் கடைப் பீட்சாவோடு இதை வைத்துப் பார்த்தால் முதல் வித்தியாசம் எண்ணிக்கையில் தெரியும். ஒரு தட்டில் நாலைந்து பொருளுக்கு மேல் இருக்காது. அந்த நாலைந்தும் நல்ல பொருளாக இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் வராது.

எப்போது, எப்படிப் போவது

சனி, ஞாயிறுகளில் சென்னைக் கார்கள் எல்லாம் ஆரோவில் பக்கம் திரும்பிவிடும். அன்று மாலை ஆறு பேருக்கு ஒரே மேசை கேட்டால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். என் யோசனை, வார நாளில் மதியம் போங்கள். நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு வாரத்தின் நடுவில் ஆஃப் வரும். அந்த வசதி வேறு எந்த ஊர்க்காரருக்கும் எளிதில் வாய்க்காது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து, அன்று திறந்திருக்கிறதா, மதியமும் அடுப்பு மூட்டுவார்களா, ஆறு பேருக்கு இடம் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். மதியம் பாஸ்தா மட்டும் போட்டு, மாலையில்தான் பீட்சா அடுப்பைப் பற்றவைக்கிற வழக்கம் விறகு அடுப்புக் கடைகள் சிலவற்றில் உண்டு.

பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம், கடலூர் வழி. சர்க்கரை ஆலை ஓடும் பருவத்தில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டும்போது கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக நேரும், அதற்குக் கால் மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியிலிருந்து வருபவர்கள் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூரில் வந்து சேர்ந்துகொள்ளலாம். பஸ்ஸில் போனால் புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பேசிக்கொள்வதுதான் சுலபம். போக மட்டும் பேசாமல், திரும்ப அழைத்து வரவும் சேர்த்தே பேசுங்கள். மாலைக்கு மேல் குயிலாப்பாளையத்தில் நின்றுகொண்டு ஆட்டோ தேடுவது சிரமம். சொந்த வண்டி என்றால் முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் தாண்டி, பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து செம்மண் பூமி தொடங்கும். பண்ருட்டிக்காரருக்கு அந்த மண் புதிதல்ல. நம் பலாவும் முந்திரியும் நிற்கிற அதே மண்தான், கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்கிற படிவத்தின் மேல் படிந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அந்தப் படிவத்துக்குள்தான் கிடக்கிறது.

வழியில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்க முடிந்தால் அரியாங்குப்பத்தில் வண்டியைத் திருப்புங்கள். ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம், 1989-இலிருந்து விமலா பெக்லி குழுவினர் மறுபடியும் தோண்டிப் பார்த்த இடம். இத்தாலியில் அரெஸோ நகரப் பக்கம் வனைந்த சிவப்பு நிற மெருகுத் தட்டுகளும் கிண்ணங்களும் இங்கே கிடைத்தன. திராட்சை ரசமும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த கூர்முனை ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. 2000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியத் தட்டும் இத்தாலிய எண்ணெயும் இந்தக் கரையில் இறங்கியிருக்கின்றன என்றால், நீங்கள் மதியம் சாப்பிடப்போவது எவ்வளவு பழைய உறவு என்று பாருங்கள். இன்று மேட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டிடத்தின் செங்கல் எச்சம் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பொருள்களைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மேட்டையே பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் நான் அரிக்கமேட்டைச் சொல்வேன், ஆனால் அவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

மெனுவைக் கையில் வாங்கியதும்

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். பாஸ்தாவில் இரண்டு குடும்பம் உண்டு என்று தெரிந்தால் பாதி மெனு புரிந்துவிடும். ஒன்று, டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்து காயவைத்தது. ஸ்பகெட்டி, பென்னே எல்லாம் இந்த வகை. இத்தாலியில் விற்பதற்காகச் செய்யும் உலர்பாஸ்தா இந்தக் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். இன்னொன்று, மெல்லிய மாவில் முட்டை உடைத்து ஊற்றிக் கையால் பிசைந்து, தேய்த்து, அன்றன்றே வெட்டுவது. டாலியடெல்லே, லசான்யா, ரவியோலி எல்லாம் இந்தப் பக்கம். வடக்கு இத்தாலியில், முக்கியமாகப் பொலோன்யா பகுதியில், வீட்டுச் சமையல் என்றால் இதுதான். ஆகவே வீட்டுப் பக்குவம் என்று சொல்லும் கடையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “இன்னிக்கு இங்கயே தேய்ச்ச பாஸ்தா எது?” பரிமாறுபவர் எதைக் காட்டுகிறாரோ அதில் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் வந்ததற்கு அதுதான் காரணம்.

பாஸ்தாவை அவர்கள் முழுக்கக் குழைய வேகவிடமாட்டார்கள். பிரியாணி அரிசியைத் தம்முக்கு வடிக்கும்போது நடுவில் ஒரு முனை உறுதி இருக்குமே, கிட்டத்தட்ட அந்தப் பதம்தான். வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாய் பழகினால் போதும், அதற்குப் பிறகு குழைந்த பாஸ்தா உங்களுக்கே பிடிக்காது.

நம் நாக்குக்கு நேராகப் பேசக்கூடியவை இரண்டு. ஆலிவ் எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்தது அல்யோ எ ஓலியோ. தக்காளியும் மிளகாயும் சேர்ந்தது அர்ராபியாட்டா. முதல் தடவை வருகிற நண்பருக்கு இந்த இரண்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவர் மறுபடியும் வருவார். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் இத்தாலிக்கும் நமக்கும் வந்தவை. பண்ருட்டியின் முந்திரியும் அதே மாதிரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததுதான். ஒரே நூற்றாண்டுச் சரக்கை இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் தங்கள் அடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

முந்திரி என்றதும் பெஸ்தோவைச் சொல்லாமல் போக முடியாது. ஜெனோவா நகரத்துப் பச்சைத் துவையல் அது. பேசில் இலை, பூண்டு, உப்பு, பைன் மரக்கொட்டை, பார்மிஜானோ, பெக்கோரினோ என்ற இரண்டு சீஸ், ஆலிவ் எண்ணெய், இவற்றைக் கல்லுரலில் இடித்துச் சேர்ப்பார்கள். பைன் கொட்டை விலை கூடியது என்பதால் இந்தியச் சமையலறைகளில் அந்த இடத்தில் முந்திரிதான் பெரும்பாலும் போகிறது. என் கருத்தில் இது குறையில்லை. முந்திரியின் மென்மையான இனிப்பு பூண்டின் காரத்தை அடக்கிவைக்கிறது. முந்திரி உடைக்கும் ஊரிலிருந்து வருகிற நீங்கள், உங்கள் மேசையில் கட்டாயம் ஒரு பெஸ்தோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேசில் வேறு ஏதோ செடி என்று நினைக்க வேண்டாம். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதையைத் தருகிற திருநீற்றுப்பச்சிலை இனம்தான். மணத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு.

கார்பனாரா என்று எழுதியிருந்தால் அதில் பன்றிக் கொழுப்பு இறைச்சியும் முட்டை மஞ்சள் கருவும் இருக்கும், பாலேடு இருக்காது. ‘வெள்ளை சாஸ் பாஸ்தா’ கேட்டுப் பழகியவர்கள் இங்கே அதைத் தேட வேண்டாம். அந்த வெள்ளைக் குழம்பு இத்தாலிய வீடுகளில் லசான்யாவின் அடுக்குகளுக்கு நடுவேதான் போகும். குழந்தைகள் வந்திருந்தால் லசான்யா சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடித்ததும் அதில் இருக்கும், உண்மையான சமையலும் அதில் இருக்கும். பூசணி உள்ளே வைத்த ரவியோலி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த கஸ்தில்யோனே ஊர் மாந்துவா பக்கத்தைச் சேர்ந்தது. பூசணி வைத்த பாஸ்தாவுக்கு இத்தாலி முழுக்கப் பெயர் பெற்றது மாந்துவா. தேம்பாவணி பாடியவரின் மண்ணிலிருந்து ஒரு கவளம்.

பீட்சாவில் நான் மார்கரீட்டாவையே முதலில் சொல்வேன். தக்காளி, மோசரெல்லா, பேசில், எண்ணெய், இவ்வளவுதான். சமையலறை நல்லதா இல்லையா என்பதை இந்த ஒரு பீட்சா காட்டிவிடும், மறைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற சீஸ் பண்ணை பல காலமாக மோசரெல்லா உள்பட பல வகைச் சீஸ் செய்கிறது, அதனால் அந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் புதுச் சீஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சீஸே வேண்டாம் என்பவர்களுக்கு மரினாரா இருக்கிறது, வெறும் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய். நேப்பிள்ஸ் முறையில் அடுப்பு 400 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். ஓரத்தில் கருத்த புள்ளிகள் இருந்தால் கருகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள், அங்கேதான் விறகின் மணம் இருக்கிறது. இந்தப் பீட்சாக் கலைக்கு 2017-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, நம் தீபாவளியைப் பட்டியலில் சேர்த்த அதே கூட்டத்தில் இத்தாலியச் சமையல் முழுவதையும் சேர்த்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது

நம் பக்கத்துக்கு இது முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற வடலூர் நெய்வேலிக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் வழியில் நின்று புலால் மறுத்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். உங்கள் நண்பர் குழுவிலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு மெனுவில் இருக்கும் பச்சைப் புள்ளி மட்டும் போதாது. அசல் பார்மிஜானோ சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். அந்தப் பெயர் போட்டு விற்க அதுதான் விதி. பெக்கோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. இந்தியாவில் செய்யும் சீஸ்களில் இறைச்சித் தொடர்பில்லாத உறைபொருள் பயன்படுத்துவது பரவலாக இருக்கிறது, ஆகவே “இந்தச் சீஸ் இங்க செஞ்சதா, வெளிநாட்டிலிருந்து வந்ததா, ரென்னெட் எது?” என்று கேட்பது நியாயமான கேள்வி. வீட்டுப் பக்குவம் பார்க்கிற கடையில் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் இருப்பார்.

கையால் தேய்த்த பாஸ்தாவில் முட்டை உண்டு என்று முன்பே சொன்னேன். முட்டை சாப்பிடாதவர்கள் ஸ்பகெட்டி, பென்னே பக்கம் இருந்துகொள்ளலாம். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பிலும் ரிசொட்டோ என்ற அரிசி உணவிலும் எலும்பு வேகவைத்த சாறு ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். புட்டனெஸ்கா பாஸ்தாவில் நெத்திலி போன்ற சிறு மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இனிப்பில் திராமிசுவில் முட்டையும் பெரும்பாலும் மதுவும் இருக்கும், பன்னா கோட்டாவை ஜெலட்டின் சேர்த்துத்தான் உறையவைப்பார்கள். இத்தனையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கவலைப்பட வேண்டாம். மரினாரா, அல்யோ எ ஓலியோ, அர்ராபியாட்டா, வறுத்த கத்திரிக்காயும் குடைமிளகாயும் வைத்த ரொட்டி, தக்காளி நறுக்கிப் போட்ட புருஸ்கெட்டா என்று ஒரு முழுச் சாப்பாடே இருக்கிறது. இவற்றில் எதுவும் அசைவத்தை எடுத்துவிட்டு ஒப்பேற்றியது அல்ல. இத்தாலியின் ஏழை வீடுகளில் அப்படியே பிறந்தவை.

ஆறு பேர் மேசை

இத்தாலியில் பீட்சா ஆளுக்கு ஒன்று. நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை, எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்வதுதான் நண்பர்கள் கூடும்போது சந்தோஷம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பாஸ்தா ஐந்து நிமிடத்தில் ஆறி ஒட்டிக்கொள்ளும், பீட்சாவின் ஓரம் தோலாகிவிடும். முதலில் ஒரு புருஸ்கெட்டாவும் ஒரு சாலடும், அது முடிகிறபோது இரண்டு பாஸ்தா, ஒன்று கையால் தேய்த்தது, ஒன்று காரம். அதற்குப் பிறகு இரண்டு பீட்சா ஒவ்வொன்றாக. இரண்டு இனிப்பு, ஆறு கரண்டி. ஆறு பேருக்கு இது நிறைவாகப் போதும். பசி மிஞ்சினால் இன்னொரு பீட்சா சொல்லிக்கொள்ளலாம், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ரிசொட்டோ வேண்டுமென்றால் உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். அந்த அரிசியைச் சாறு ஊற்றி ஊற்றிக் கிளற இருபது நிமிடம் பிடிக்கும், முன்கூட்டியே செய்துவைத்த ரிசொட்டோவைச் சாப்பிடுவதைவிடச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

மிளகாய்த் தூவலும் ஒரிகானோவும் மேசையில் இருந்தால், முதல் வாய் சுவைத்துப் பார்த்த பிறகே கை நீட்டுங்கள். தக்காளி சாஸ் கேட்க வேண்டாம். காலையிலிருந்து ஒருவர் நின்று தக்காளியைக் காய்ச்சி அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார், அதை ஒரு முறை அவர் செய்தபடியே சாப்பிட்டுப் பார்ப்பது அவருக்குச் செய்கிற மரியாதை. கையால் சாப்பிடலாமா என்று தயங்குபவர்களுக்கு, பீட்சாவைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதில் எந்தத் தவறும் இல்லை. பாஸ்தாவுக்கு முள்கரண்டி ஒன்றே போதும், நாலைந்து இழையை மட்டும் பிடித்துத் தட்டின் ஓரத்தில் சுற்றினால் வந்துவிடும்.

பணம் பற்றி முன்பே பேசிவிடுங்கள். தலைக்கு 700 முதல் 1000 ரூபாய் ஒதுக்கிக்கொண்டால் மெனுவை விலை பார்த்துப் படிக்க வேண்டியிருக்காது. ஓய்வு பெற்றவரும் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவரும் ஒரே மேசையில் இருந்தால், பெரியவர்கள் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. பில் வந்த பிறகு யோசிப்பது எல்லோருக்கும் சங்கடம்.

குயிலாப்பாளையம் தமிழ்நாட்டுக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் மது வாங்கி அங்கே எடுத்துப்போவது சட்டப்படி தவறு. திரும்பும்போது கடலூர் நுழைவில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியும் இருக்கிறது. வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு முடிந்தபின் வெயில் தாழ்ந்திருந்தால் ஆரோவில் பார்வையாளர் மையத்துக்குப் போகலாம். இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தால் தியான மண்டபமான மாத்ரி மந்திரைத் தொலைவிலிருந்து பார்க்கும் இடம் வரும். சீட்டு தரும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆரோவில் ஒரு பூங்கா அல்ல, மனிதர்கள் குடியிருக்கும் ஊர். சந்துகளுக்குள் வண்டியை விட்டு வீடுகளைப் படமெடுக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்சல் வாங்க ஆசை வரும். பாஸ்தா வேண்டாம், கடலூர் வருவதற்குள் கட்டியாகிவிடும். திராமிசுவும் இரண்டு மணி நேர வெக்கையைத் தாங்காது. பீட்சா தாங்கும், மார்கரீட்டாவாக இருந்தால் நன்றாகவே தாங்கும். வீட்டுக்கு வந்ததும் மைக்ரோவேவில் வைக்காமல், தோசைக்கல்லைக் காயவைத்து, தீயைத் தணித்து, எண்ணெய் விடாமல் பீட்சாத் துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு தட்டால் மூடிவிடுங்கள். மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் மறுபடி மொறுமொறுப்பாகும், சீஸும் இளகிவிடும்.